குழவி இல்லாத அம்மிகள்

"கொளவியைக் காட்டு" என்றான் வெள்ளைத்துரை.

தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஓர் அம்மிக் குழவி. வேலைக்குப் போகிறவள் தூக்குவாளி கொண்டுபோவாள், வெற்றிலைப் பை கொண்டுபோவாள். மிளகாய் அரைக்கிற கல்லைப் பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போன கூத்து சிவகாசி வட்டாரத்தில் அந்த ஒரு ஆபீசில்தான் நடந்தது. நயா பைசா வந்து, அணாக் கணக்கு மறக்காமல் சனம் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது.

ஆவுடைத்தாய் முந்தானையை விலக்கிக் குழவியைக் காட்டினாள். காவல்காரன் வெள்ளைத்துரை குனிந்து பார்த்தான். குழவியின் ஒரு முனையில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

"இந்த மூக்கறுந்த கொளவியை இன்னைக்கு மட்டும் நாலு தடவை பாத்துட்டேன். மொதல்ல பொன்னுத்தங்கம் கொண்டாந்தா. அவ உள்ள போனதும் சன்னல் வழியா வெளிய வந்துருச்சு. இதுக்கு என்ன, காலு மொளைச்சிருக்கா?"

"எல்லாக் கொளவியும் ஒண்ணு போலத்தாண்ணே இருக்கும்."

"உன் கொளவி ஏஜெண்டு சங்கிலிமுத்து செட்டுல இருக்குன்னு எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். போத்தா. நான் உள்ள விட்டேன்னா என் சோத்துல மண்ணு."

ஆவுடைத்தாய்க்கு வந்த எரிச்சலில் அந்தக் கல்லை அவன் கால் கட்டைவிரலில் போட்டிருப்பாள். பொன்னுத்தங்கம் வீட்டுக் கல்லாயிற்றே, இன்னொரு சில்லும் பெயர்ந்துவிடுமே என்று பொறுத்துக்கொண்டாள்.

இந்தக் குழவி விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊர்ப்பக்கம் தீப்பெட்டி ஆபீசுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் ஏஜெண்டு. சாவுக்கோ நோவுக்கோ வேண்டுமென்று அவரிடம் முன்பணம் வாங்கினால் பத்திரம் கிடையாது, ரேகை கிடையாது. வீட்டு அம்மியின் குழவியைக் கொண்டுபோய் அவர் இடத்தில் வைத்துவிட வேண்டும். நகையை வைத்தால் வட்டிக்கடைச் சட்டம் வரும். அண்டாவை வைத்தால் போலீஸ்காரன் கேட்பான். கல்லை எவன் கேட்பான்? கடன் அடைந்தால் குழவி வீட்டுக்கு வரும். அதுவரை அந்தக் குடும்பம் அவர் சொன்ன இடத்தில், சொன்ன வேலையைச் செய்யும். வேறொரு குழவி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் டவுன்காரர்கள். சொந்தக் குழவி வெளியே கிடக்க, அம்மியில் வேறு குழவியை ஏற்றினால் குடி விளங்காது என்பது அங்கே நம்பிக்கை. அம்மியை விட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடுவதும் அப்படித்தான். இரும்புச் சங்கிலிகூட அறுந்துபோகும், இது அறாது.

ஆவுடைத்தாயின் புருசன் அய்யாதுரை நெஞ்சு நோவில் படுத்தபோது அவள் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். அய்யாதுரை போய்ச் சேர்ந்தான். குழவி வரவில்லை. முறிந்த குச்சிக்கு இவ்வளவு, வராத நாளுக்கு இவ்வளவு என்று சங்கிலிமுத்து ஏற்றிக்கொண்டே போனான். அவள் ஆபீசில் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள்; கூலி சங்கிலிமுத்து கைக்குப் போய், கழிவு போக மிச்சம் அவளிடம் வரும். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். மகள் தங்கத்தாய் மிசன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு படித்தாள். அந்த மட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் முதலாளி சீனிவாசகத்துக்கு ஞானம் பிறந்தது.

கொல்லம் பக்கத்துக் கூட்டுறவுக் கடைக்காரர்கள் அவரிடம் பூசணிப்பூ மார்க் தீப்பெட்டி வாங்குபவர்கள். அடிமைப்பட்ட ஆளை வைத்துச் செய்த சரக்கு எங்களுக்கு வேண்டாம், நேரில் வந்து பார்த்துத்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீனிவாசகம் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராயிருந்தால் சமாளித்துவிடலாம். நல்லவர் கையில் அகப்பட்டுக்கொண்டால்தான் பெரும்பாடு. இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்துவிட்டு உத்தரவு போட்டார்: குழவியை அடகு வைத்தவள் யாரும் ஆபீசுக்குள் கால் வைக்கக்கூடாது. வைக்காதவள் என்றால் தினம் கொண்டுவந்து வாசலில் காட்ட வேண்டும்.

முதலாளியின் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. ஆவுடைத்தாய் குறுக்கே போய் நின்றாள்.

"மொதலாளி, என்னைய உள்ள விடச் சொல்லுங்க."

"ஏம்மா, உனக்கு நல்லது செய்யத்தானே இம்புட்டும் பண்ணுதேன்? அடிமையா இருக்கவங்களை வச்சு நான் வேலை வாங்க மாட்டேன். அது பாவம்."

"வாங்காட்டா நான் எங்கன போவேன்?"

"குழவியை மீட்டுக்கிட்டு வா. அன்னைக்கே வேலை."

"வேலை இருந்தாத்தானய்யா மீக்க முடியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாத இடத்திலெல்லாம் அவருக்குக் கண்ணாடியில் அழுக்கு படிந்துவிடும்.

"அது உனக்கும் சங்கிலிமுத்துக்கும் உள்ள வழக்கு. அதுல நான் தலையிட முடியுமா? என் ஆபீசுக்குள்ள சுத்தமா இருக்கணும். அம்புட்டுத்தான் என் கையில இருக்கு."

ரிக்‌ஷா உள்ளே போய்விட்டது. கிணற்றில் விழுந்தவளைப் பார்த்து, கரையேறி வா, கை கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது ஆவுடைத்தாய்க்கு.

போக்கிடம் ஒன்றுதான். ஊருக்கு மேற்கே ஓடை ஓரத்தில் சங்கிலிமுத்துவின் செட்டு. தகரக் கூரை, பனைமட்டைச் சுவர், ஒரே ஒரு கதவு. உள்ளே பெட்டி ஒட்டுவார்கள். காலையில் ஆள் நுழைந்ததும் வெளியே பூட்டு விழும். கஞ்சி குடிக்க ஒரு தரம் திறப்பார்கள், இருட்டினால் ஒரு தரம் திறப்பார்கள்.

"வா ஆவுடை, வா. வருவேன்னு தெரியும்" என்று சங்கிலிமுத்து பல் தெரியச் சிரித்தான். "உங்க மொதலாளி நல்லா இருக்கணும். ஆள் கெடைக்காம ஊர் ஊரா அலைஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். அவர் வெரட்டி விடுதாரு, எல்லாம் நேரா இங்கன வந்து நிக்கிதுக. கோயிலுக்கு நேந்துக்கிடலாம்னு இருக்கேன், அவர் பேருல."

செட்டுக்குள் சுவரோரமாகக் குழவிகள் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் காவியால் ஒரு குறி. தன் வீட்டுக் குழவியை அவள் குறி பார்க்காமலே கண்டுகொண்டாள். கல்யாணத்தன்று அவள் மிதித்த அம்மியோடு கூட வந்தது. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கியிருக்கும், அவள் அரைத்து அரைத்துத் தேய்ந்தது.

உட்கார்ந்து பசையைத் தொட்டாள். ஒட்டச் சொல்லிக் கொடுத்த லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளாகப் பூசணிப்பூ சிரித்தது.

ஆவுடைத்தாய்க்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவள் பயந்துபோய், "என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வாசல்ல வெரட்டுனாக. கொல்லையில கூட்டி வச்சு அதே கஞ்சியை ஊத்துதாக."

சனிக்கிழமை இருட்டி, கதவைத் திறந்தபோது சங்கிலிமுத்து அவளை நிறுத்தினான்.

"திங்கக்கிழமையில இருந்து உன் மகளையும் கூட்டிட்டு வா. சீசன் முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கனயே படுத்துக்கிடுங்க. போக வர நேரம் வீணாப் போகுது."

"அவ படிக்கா."

"பெட்டி ஒட்டுறதுக்கு எதுக்குத்தா அஞ்சாப்பு? நாலாப்பே ஜாஸ்தி."

"ஒரு கொளவிதான் வச்சேன். ஒரு ஆள்தான் வருவேன்."

"குடும்பத்துக் கொளவின்னுதானே வச்சே? மக குடும்பத்துல சேத்தி இல்லையா?" அவன் சிரிப்பை நிறுத்தினான். "திங்கக்கிழமை அவ வரலைன்னா உன் கொளவியை ஓடையில தூக்கிப் போட்டுருவேன். பெறகு உன் வீட்டு அம்மி சாகுற மட்டும் ஒத்தையாக் கெடக்கும். உன் மகளுக்கு எவன் தாலி கட்டுவான், பாப்போம்."

வீட்டுக்குப் போனால் தங்கத்தாய் சிம்னி விளக்கில் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் மூலையில் கிடந்த வெறும் அம்மியைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கிலிமுத்து மேல் பாதிக் கோபம்தான். மீதிப் பாதி முதலாளி மேல், காவல்காரன் மேல், பாவமென்று உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்துகொள்கிற அத்தனை பேர் மேலும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தன் சோலைமலை வந்தான். அய்யாதுரைக்குச் சித்தப்பா மகன். மாட்டு வண்டி வைத்திருந்தான். ஆபீசிலிருந்து பெட்டி செய்கிற தாளும் மரச்சில்லும் செட்டுக்கு ஏற்றிப்போவதும், ஒட்டிய பெட்டியை ஆபீசுக்குத் திருப்பி ஏற்றி வருவதும் அவன் வேலை.

"நாளைக்கு மலையாளத்துக்காரர் வாராரு மதினி. செங்கோட்டை ரயில்ல வந்து இறங்குதாராம். வாசல்ல பொம்பளைக எல்லாம் கொளவியோட நிக்கணும்னு மொதலாளி சொல்லியிருக்காரு. அவர் கண்ணால பாக்கணுமாம், இங்கன அடிமை யாரும் இல்லைன்னு."

"செட்டைப் பாக்க மாட்டாரா?"

"செட்டு எதுக்கு? அது சங்கிலிமுத்தோட எடம்லா?"

"அங்கன ஒட்டுற பெட்டி?"

"அது கம்பெனி பெட்டி."

"ஏத்திக்கிட்டு வாற வண்டி?"

சோலைமலை தலையைச் சொறிந்தான். "நான் வண்டிக்காரன் மதினி. என்னைய எதுக்கு இதுல இழுக்கீக?"

"ஆமா, நீ வண்டிக்காரன். அவன் ஏஜெண்டு. இவரு மொதலாளி. வாசல்ல நிக்கவன் காவக்காரன். எவனுக்கும் சம்பந்தம் இல்ல. பெட்டி தானா நடந்து போயி ரயில்ல ஏறுது!" அவள் குரல் ஏறிவிட்டது. "உன் வீட்டுக் கொளவி எங்கலே இருக்கு? என் கொளவிக்குப் பக்கத்துலதானே கெடக்கு? உன் பொண்டாட்டி தொவையலை எதுல அரைக்கா? உரல்ல போட்டு இடிக்கா. அதைத் தின்னுட்டு வந்து என்கிட்ட சம்பந்தம் இல்லைன்னு பேசுத."

அவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். "என்ன செய்யணும், சொல்லுங்க" என்றான்.

"நாளைக்குப் பெட்டி லோடு உண்டுல்லா? அடியில கொஞ்சம் எடம் விடு."

"எதுக்கு?"

"கொளவியைத்தானே காட்டச் சொல்லுதாக. இல்லாதவ எதைக் காட்டுவா? அம்மியைக் காட்டுவோம்."

சோலைமலைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "ஐயோ மதினி, மாட்டுக் கழுத்து ஒடிஞ்சு போகும்" என்றான்.

"நம்ம கழுத்து ஒடியலையா? அதுவும் கொஞ்சம் ஒடியட்டும்."

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் தோரணம் கட்டாத குறை. கொல்லத்துக்காரர் பெயர் குறுப்பு. ஒடிசலான மனிதர், வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. குழவியும் இடுப்புமாக நின்ற பெண்களைப் பார்த்து அவர் முழித்தார்.

"இது எந்தா? கல்லு எதுக்கு?"

"குழவி கையில இருந்தா, கடன்பட்டு அடிமையாகலைன்னு அர்த்தம்" என்று சீனிவாசகம் விளக்கினார். "தினம் சோதிச்சுத்தான் உள்ளே விடுறோம். என் ஆபீஸ் அம்புட்டு சுத்தம்."

குறுப்பு ஒரு குழவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது சோலைமலையின் வண்டி முக்கிக்கொண்டு வந்து வாசலை அடைத்து நின்றது. வண்டிக்குப் பின்னால் ஆவுடைத்தாய், அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அன்று செட்டுக்குப் போகாதவர்கள். பெட்டி மூட்டைகளை இறக்கி ஓரம் வைத்தார்கள். பிறகு அடியில் கிடந்த அம்மிகளைத் தூக்க மாட்டாமல் தூக்கி, வாசலுக்குக் குறுக்கே ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

"ஏ ஆவுடை, என்னத்தா இது? எடு, எடு!" வெள்ளைத்துரை பதறினான்.

"நீங்கதாண்ணே காட்டச் சொன்னீக. கொளவி இருக்கவ கொளவியைக் காட்டுதா. எங்ககிட்ட அம்மிதான் இருக்கு. நல்லாப் பாருங்க, இதுல எதுவும் மூக்கறுந்தது இல்ல."

வரிசையில் நின்ற பொன்னுத்தங்கம் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

குறுப்பு குடையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "இதிண்டெ குழவி எங்கே?"

"இந்தப் பெட்டியை எங்கன ஒட்டுதாகளோ அங்கன இருக்குய்யா."

அவர் குனிந்து மூட்டையிலிருந்து ஒரு பெட்டியை உருவினார். லேபிளைப் பார்த்தார். பிறகு சீனிவாசகத்தைப் பார்த்தார். சீனிவாசகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது வெளி ஏஜெண்டு இடம். நமக்கு அங்கே..."

"மொதலாளி" என்றாள் ஆவுடைத்தாய். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "எங்களை வாசல்ல நிறுத்தி, நீ யாரு, உன் கொளவி எங்கன்னு தினம் கேட்டீக. உங்க பெட்டி ஒரு நாளாவது இந்த வாசல்ல நின்னுச்சா? அதை ஒரு தடவை கேட்டீகளா, நீ எங்க இருந்து வாறன்னு?"

வண்டி மாடு மூச்சு வாங்கியது.

"போய்ப் பார்க்காம்" என்று குறுப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

செட்டுக்குப் போனபோது கதவில் பூட்டு தொங்கியது. சங்கிலிமுத்து இல்லை. வராத பெண்களைத் தேடி ஊருக்குள் போயிருந்தான். உள்ளே ஆள் பேசுகிற சத்தம் கேட்டது. மட்டைச் சுவர் இடுக்கில் யாரோ விரலை நீட்டி, "தண்ணி இருந்தாக் கொடுங்க" என்றார்கள். சீனிவாசகம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"பூட்டை உடைங்கலே" என்றார்.

கூட வந்த வெள்ளைத்துரை பூட்டைக் கையிலெடுத்துப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"மொதலாளி... இது நம்ம சரக்குக் கிட்டங்கிப் பூட்டு."

"என்னது?"

"தாளும் சில்லும் களவு போகுதுன்னு போன வருசம் நீங்கதான் சங்கிலிமுத்துக்குக் கொடுத்து விட்டீக. ரெட்டைச் சாவிப் பூட்டு." அவன் இடுப்பு வாரில் தொங்கிய சாவிக்கொத்தை விரலால் தள்ளித் தள்ளித் தேடினான். "இன்னொரு சாவி நம்மகிட்டதான் இருக்கு."

அந்தக் கொத்து தினமும் காலையில் அவன் நடக்க நடக்கக் கிலுங்கும். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஆவுடைத்தாயும் கேட்டிருக்கிறாள். இப்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

சீனிவாசகம் சாவியைத் தன் கையில் வாங்கினார். தலைகீழாகப் பிடித்ததால் துவாரத்தில் சாவி ஏறவில்லை. இரண்டாம் முறை ஏறியது.

சங்கிலிமுத்து ஓடி வந்து சேர்ந்தபோது பெண்கள் வெளியே ஓடையோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "என் ஆளுக மொதலாளி, எனக்குத் தரவேண்டிய பாக்கி இருக்கு" என்று கத்தினான்.

"பாக்கியை என்கிட்ட வந்து பேசு. நானும் எனக்குத் தெரிஞ்ச கணக்கைப் பேசுதேன்" என்றார் சீனிவாசகம். இனிமேல் பெட்டியும் ஆபீசுக்குள்ளேயே, திறந்த கதவுக்குள் ஒட்டட்டும், கூலியை அவரவர் கையில் கொடுத்துவிடுவது என்றார். சொல்லும்போது அவர் குறுப்பைப் பார்த்துத்தான் சொன்னார், பெண்களைப் பார்க்கவில்லை. அது ஆவுடைத்தாய்க்குக் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாக் கடுப்பையும் ஒரே நாளில் தீர்த்துக்கொள்ள முடியுமா?

குறுப்பு ஆர்டர் தருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "ஞான் பின்னெயும் வரும். சொல்லாமல் வரும்" என்று குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

குழவிகளை வண்டியில் ஏற்றி ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுவந்து கொட்டியபோது பெரிய ரகளை. வரும் வழியில் உருண்டு உருண்டு காவிக் குறியெல்லாம் அழிந்து போயிருந்தது. "இது என்னோடது", "இல்ல என்னோடது" என்று இழுத்துக்கொண்டார்கள். சோலைமலை தன் வீட்டுக் குழவி எது என்று தெரியாமல் பெண்டாட்டியைக் கூட்டிவர ஓடினான். ஆவுடைத்தாய் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. இடுப்பு ஒடுங்கிய குழவியை எடுத்தாள். அம்மியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். சரியாகப் படிந்து உருண்டது.

மறுநாள் விடிந்ததும் தங்கத்தாய் பலகையும் பையுமாகப் பள்ளிக்கூடம் போனாள். அவளுக்கு முந்தைய நாள் விசயம் பாதிதான் தெரியும். "இன்னைக்குத் தொவையல் ரொம்பக் காரம்மா" என்று மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவுடைத்தாய் வெறுங்கையோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"கொளவியைக் காட்டு" என்றான் வெள்ளைத்துரை.

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "நேத்து நீயும்தானண்ணே கூட வந்தே? உன் சாவியிலதானே தெறந்தாக?"

"வந்தேன். இல்லைங்கல. ஆனா காட்ட வேண்டாம்னு மொதலாளி இன்னும் சொல்லல. உத்தரவு உத்தரவுதான்."

"கொளவி வீட்டுல அம்மி மேல இருக்கு. அதை அங்கன இருந்து நகத்த மாட்டேன்."

"அப்ப நான் எப்படி நம்புறது?"

ஆவுடைத்தாய் பெருமூச்சு விட்டாள். பிறகு வலது கையை விரித்து அவன் மூக்குக்கு நேரே கொண்டுபோனாள். காலையில் வரமிளகாய் அரைத்த கை.

"மோந்து பாருண்ணே."

வெள்ளைத்துரை ஒரு தரம் தும்மினான். மறு தும்மல் வந்தபோது கண்ணில் நீர் வந்து, குனிந்து, சாவிக்கொத்து கிலுங்கக் கதவைப் பிடித்துக்கொண்டான். அவன் நிமிர்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.